மூத்தவர் கை வைக்க வேண்டிய கல்

மாசி மாதம் ஒரு நாள் காலையில் விளக்கேற்றி, முருகனுக்குப் பூ வைத்துவிட்டுத் திரும்பினேன். வாசலில் எங்கள் கொழுந்தனார் நின்றுகொண்டிருந்தார். ஹனூர்ப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறார். கையில் ஒரு பை நிறைய அவரைக்காய்.

"என்ன தம்பி, சொல்லாமக் கொள்ளாம?" என்றேன்.

"சொல்லிட்டு வந்தா அண்ணன் எங்கியாச்சும் வாக்கிங் போயிருமே நங்கையா" என்றார். அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மைசூர் விஜயநகரில் எங்கள் தெருவில் இருப்பவர்களுக்கு இந்தச் சொல்லே தெரியாது. இவர் வாயிலிருந்து கேட்கும்போதுதான் நான் யார் என்று எனக்கே ஞாபகம் வரும்.

காப்பி குடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்த பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னார்.

"அண்ணா, வர்ற வெள்ளிக்கிழமை நல்ல நாளாம். நீ வந்து கன்னிமாரைத் தூக்கிக் குடுத்துட்டியின்னா நான் ஊட்டுக்குப் பக்கத்துல வெச்சுப் பூசை பண்ணிக்கறேன். மறுநாள் ஜேசிபி வந்துரும்."

என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்தார். பிறகு விரித்தார்.

எங்கள் மாமனார் விட்டுப்போன காடு மலைச்சரிவில் இருக்கிறது. விளைநிலத்தை எங்கள் பக்கம் காடு என்றுதான் சொல்வோம். மேலிருந்து கீழே படிபடியாக ஆறு அடுக்கு. ஒவ்வொரு அடுக்குக்கும் முன்னால் மண்ணைத் தாங்கிக்கொண்டு ஒரு கல்வரப்பு. சுண்ணாம்பு கிடையாது, சிமெண்டு கிடையாது, கல்லின்மேல் கல் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். யார் கட்டியது என்று மாமனாருக்கும் தெரியாது, அவர் அப்பாவுக்கும் தெரியாது. மேல் அடுக்கில் ஒரு உசில மரம். அதன் அடியில் கிழக்கே பார்த்து ஏழு கல். அதுதான் எங்கள் கன்னிமார். கோயில் இல்லை, கோபுரம் இல்லை. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்துவிட்டுத்தான் அந்தக் காட்டில் எதையும் தொடங்குவது.

அந்தக் கல்லை இடம் மாற்ற வேண்டுமென்றால் வீட்டுக்கு மூத்த ஆண்மகன்தான் முதலில் கை வைக்க வேண்டும். அவர் தூக்கிக் கொடுத்தால் அப்புறம் யாரும் தொடலாம். அவர் தூக்காமல் யாரும் தொட மாட்டார்கள். ஜேசிபி ஓட்டுகிற ஆள்கூட, "சாமிக் கல்லை எடுத்துட்டுக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டானாம். அதனால்தான் காட்டைப் பாடுபட்டு வைத்திருக்கிற தம்பி, இருபத்தைந்து வருடத்துக்கு மேல் மைசூரில் சர்க்கார் உத்தியோகம் பார்த்துப் பென்ஷன் வாங்கும் அண்ணனிடம் வந்து நிற்க வேண்டியதாகிவிட்டது.

கொழுந்தனார் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. டிராக்டர் அந்த அடுக்குகளில் ஏறாது. மாடு கட்டி உழ ஆள் இல்லை. ஒவ்வொரு மழைக்கும் எங்காவது ஒரு வரப்பு சரியும். அதை எடுத்துக்கட்டக் கூலிக்குக் கூப்பிட்டால், கல்வேலை என்றதும் வேறு சோலி இருக்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள். எல்லாவற்றையும் தட்டி ஒரே மட்டமாக்கி, சொட்டுநீர் போட்டு மஞ்சள் வைத்தால் தனியொரு ஆளாகப் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. அவருக்கும் தலை நரைத்துவிட்டது.

"ஏதாவது பேசுங்களேன்" என்றேன் வீட்டுக்காரரிடம்.

அவர் எழுந்து சட்டையை மாட்டினார். "வா, ஒரு இடத்துக்குப் போயிட்டு வரலாம்" என்றார் தம்பியிடம். என்னைப் பார்த்து, "நீயும் கெளம்பு" என்றார்.

எந்த இடம் என்று எனக்குத் தெரியும். நஞ்சன்கூடு ரோட்டில் போய், உள்ளே தள்ளி ஒரு குன்றுச்சரிவில் ஒரு தாவரத் தோட்டம் இருக்கிறது. இந்த மண்ணில் தானாக முளைக்கிற செடிகொடிகளை மட்டும் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். அந்தச் சரிவில் பழங்காலத்து உழவர்கள் கட்டிய கல்வரப்புகள் இருந்தனவாம், அவற்றையும் சரிசெய்து அப்படியே வைத்திருக்கிறார்கள். வாக்கிங்கில் கூட நடக்கிற பென்ஷன்காரர்களோடு இவர் ஒரு தரம் போய்விட்டு வந்து, ஒரு வாரம் அதையேதான் பேசிக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு இடம் கிடைத்தது. சாமுண்டி மலை தெரிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் நடுவில் ஓரியாட்டம், சண்டை வராமல் பார்த்துக்கொள் தாயே என்று கேட்டுக்கொண்டேன். வேறு என்ன கேட்பது? ஒருத்தர் பொழப்பைச் சொல்கிறார், ஒருத்தர் பேசவே மாட்டேன் என்கிறார். இரண்டு பேரும் எனக்கு வேண்டியவர்கள்.

வாசலில் டிக்கெட் வாங்கியபோதே கொழுந்தனார் ஆரம்பித்துவிட்டார்.

"காசு குடுத்து வரப்பப் பாக்க வந்த மொத ஆளு நானாத்தான் இருப்பேன். எங்கூட்டுக்கு வந்திருந்தா சும்மாவே காட்டியிருப்பனே."

உள்ளே போனால் இரண்டு பக்கமும் செடிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் பலகை, கன்னடத்திலும் இங்கிலீஷிலும் பேர். துத்தி, நாயுருவி, தும்பை, ஆவாரை, கண்டங்கத்திரி. கொழுந்தனார் கண்டங்கத்திரிக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"நங்கையா, இதப் பாருங்க. நான் வருசா வருசம் மருந்தடிச்சுக் கொல்ற செடிக்கு இவங்க பேர் எழுதி, சுத்தியும் கல்லு வெச்சு, தண்ணி ஊத்தறாங்க!"

"மெல்லப் பேசுங்க தம்பி."

"செடிக்குக் காது கேக்குமுங்களா?"

என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. முன்னால் நடந்துகொண்டே இருந்தார். கிளுவை வேலி ஒன்றைத் தாண்டினோம். அதற்கப்புறம் சரிவு முழுசும் கண்ணுக்குத் தெரிந்தது.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அங்கேயே நின்றுவிட்டேன். அடுக்கடுக்காக வரப்பு. மாசி வெயிலில் கல்லெல்லாம் வெளுத்துக் கிடந்தது. ஒரு அடுக்கில் அறுத்த ராகித்தாள் நின்றது. இன்னொன்றில் ஆமணக்கு. பெரிய கல் அடியில், நடுத்தரம் மேலே, சந்துகளில் சின்னக் கல் சொருகி, முழு வரப்பும் கொஞ்சம் உள்பக்கமாகச் சாய்ந்து. எங்கள் காட்டில் எப்படியோ அப்படியே.

நான் கல்யாணமாகி வந்த வருடம் ஐப்பசி மழையில் இரண்டாம் அடுக்கு வரப்பு நடுவில் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. மழை விட்ட மறுநாள் வீடே காட்டில் இருந்தது. மாமனார் ஆளாளுக்கு இடம் பிரித்துக் கொடுத்தார். எனக்கும் கொழுந்தனாருக்கும் ஒரு துண்டு. அவர் அப்போது மீசை அரும்பின வயசு, நான் அவரைவிட ஒரு வயசுதான் மூப்பு. புதுப்பெண், யாரோடும் சரியாகப் பேச்சு வராத நேரம். நான் கல்லைப் பொறுக்கி எடுத்துக் கொடுப்பேன், அவர் வைப்பார். நான் கொடுக்கிற கல்லையெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது உருண்டை, இது உக்காராது, இது உங்க ஊருப் பணியாரமாட்டம் இருக்குது" என்று தள்ளிவிடுவார். எனக்குக் கோபம் வந்து, "அப்ப நீங்களே பொறுக்குங்க" என்று போய் உட்கார்ந்துவிட்டேன். அந்த வீட்டில் நான் முதல் முதலாகக் கோபித்துக்கொண்டது அவரிடம்தான். அன்றைக்குச் சாயங்காலம் என் மாமியார், "பரவால்ல, வாய் இருக்குது" என்றார். அன்றிலிருந்து எனக்கு அது என் வீடாகிவிட்டது.

அடுத்த வருடமே வீட்டுக்காரருக்கு மைசூரில் வேலைக்கு உத்தரவு வந்தது. அப்புறம் வரப்புக் கட்டுவது லீவு போட்டுப் போகிற வேலையாகிவிட்டது. ஐப்பசியில் ஊருக்குப் போவோம். மகன் படிப்பு என்று வந்தபிறகு அதுவும் நின்றது. வீட்டுக்காரர் மட்டும் கொஞ்சநாள் போய்வந்தார். பிறகு அவரும் போகவில்லை. எப்போது நின்றது என்று யோசித்தால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"நல்லாத்தான் வெச்சிருக்கறாங்க" என்றார் கொழுந்தனார். கேலி இல்லை. ஒரு வரப்பின் அருகே குந்தி, கல்லுச் சந்தில் விரலை விட்டுப் பார்த்தார். "உள்ள ஈரம் இருக்குது. மழை பேஞ்சு மூணு மாசமாச்சு, இன்னும் ஈரம் நிக்குது பாருங்க."

"அதத்தான் சொல்றேன்" என்றார் வீட்டுக்காரர். வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து முதல் வார்த்தை.

கொழுந்தனார் எழுந்தார். கையைத் தட்டிக்கொண்டார்.

"அண்ணா, அங்க பாரு. ஒருத்தர் களை எடுக்கறாரு. அங்க ரெண்டு பொம்பளைங்க கல்லு சொமக்கறாங்க. அக்கட்டால ஒருத்தர் தண்ணி விடறாரு. இதுல வெளையறத வித்தா இவங்க பொழைக்கறாங்க? யாரோ சம்பளம் குடுக்கறாங்க. எனக்கும் நாலு ஆளுக்கு யாராச்சும் சம்பளம் குடுக்கச் சொல்லு, நானும் பலகை எழுதி வெச்சு டிக்கெட் போடறேன்."

"உன்னைய யாரு தனியாப் பண்ணச் சொன்னா?"

"பின்ன? நீ வர்றியா?"

வீட்டுக்காரர் வரப்பைப் பார்த்தார். என்னத்தைச் சொல்வார்! நான் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து, "மேல வரைக்கும் போயிட்டு வந்துரலாம், காத்து நல்லா வரும்" என்றேன். மலையைப் பார்த்துக் கும்பிட்டது மறந்துபோய்விட்டதோ தாயே என்று மனசுக்குள் கேட்டேன்.

ஏறினோம். மேல் அடுக்கில் ஒரு மரம். உசிலைதான், கொஞ்சம் இளம் மரம். அதன் நிழலில் வரிசையாகக் கல் நட்டிருந்தது.

யோசிக்கவே இல்லை. செருப்பைக் கழற்றினேன். திரும்பிப் பார்த்தால் கொழுந்தனாரும் கழற்றிவிட்டார், துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். வீட்டுக்காரர் ஷூவைக் கழற்ற ஒரு கல்லில் உட்கார்ந்தார். என் பையில் எப்போதும் ஒரு சின்ன டப்பாவில் மஞ்சளும் குங்குமமும் இருக்கும். பாட்டில் தண்ணீரில் குழைத்து, ஒவ்வொரு கல்லுக்கும் பூசிக் குங்குமம் வைத்தேன். வழியில் உதிர்ந்து கிடந்த ஆவாரம்பூவை மடியில் எடுத்து வந்திருந்தேன், அதையும் வைத்தேன். தேங்காய் இல்லையே என்றுதான் குறை.

பழைய காடு, பழைய வரப்பு, அதில் கன்னிமார் இல்லாமல் எப்படி? இந்த நிலத்தை விட்டுப் போனவர்கள் யாரோ, அவர்கள் வைத்த கல், இங்கே கவனிப்பாரில்லாமல் நிற்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. விழுந்து கும்பிட்டேன். "ஆத்தா, எங்க வீட்டுக் கன்னிமாரு கிட்ட நீங்க சொல்லுங்க. அண்ணன் தம்பி பேச்சு முறியாம ஒரு வழி காட்டச் சொல்லுங்க" என்று வாய்விட்டே சொன்னேன். என் பக்கத்தில் இரண்டு பேரும் கைகூப்பி நின்றார்கள். வீட்டுக்காரர் கண்ணை மூடியிருந்தார். அப்படி அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து நின்று கும்பிட்டுப் பார்த்து எத்தனை வருடமாகிவிட்டது!

"அம்மா! அம்மா! ஏனு மாடித்தீரா?" என்ன செய்துவிட்டீர்கள் என்று கீழேயிருந்து சத்தம். தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த தோட்டக்காரர் குழாயைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். எங்கள் வயசுதான் இருக்கும். மூச்சு வாங்கக் கன்னடத்தில் சொன்னார். "அய்யோ, அது தேவரு அல்ல, சாமி இல்லம்மா! அடியில செங்காந்தள் கெழங்கு தூங்குது. மழைக்குத்தான் முளைக்கும். வர்றவங்க மிதிச்சுடறாங்கன்னு போன வாரம் நான்தான் அடையாளத்துக்குக் கல்லு நட்டேன்."

கொழுந்தனார் விரலை நீட்டிக் கற்களை எண்ணினார்.

"ஒம்போது" என்றார். "நங்கையா, மிச்சம் ரெண்டு கன்னி யாருங்க? நஞ்சன்கூட்டுலேருந்து விருந்தாளியா வந்தவங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெட்கம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். தோட்டக்காரரும் சிரித்தார். ஆனால் உடனே முகம் மாறியது.

"சிரிச்சுட்டுப் போயிடாதீங்கம்மா. இந்த மஞ்சளைப் பார்த்தா அடுத்து வர்றவங்களும் கும்பிடுவாங்க. உண்டியல் வெச்சாலும் வெச்சுருவாங்க. அப்புறம் நான் கெழங்கைத் தோண்டி மாத்தி நட முடியாது, என்னையும் திட்டுவாங்க. நானும் மஞ்சள் பூசுன கல்லை எடுக்க மாட்டேன். நீங்களே எடுத்து அந்தப் பக்கம் போட்டுடுங்க. நான் வேற குச்சி நட்டுக்கறேன்."

நியாயம்தான். நான் குனிந்தேன். அதற்குள் கொழுந்தனார், "இருங்க நங்கையா" என்றார். அண்ணனைப் பார்த்தார். கண்ணில் இன்னும் சிரிப்பு பாக்கி இருந்தது. "மூத்தவர் இருக்கறப்ப நாம தொடலாமா? அண்ணா, எடு. வெறுங் கல்லுதான். வெள்ளிக்கிழமைக்கு ஒரு ஒத்திகையாட்டம் இருக்கட்டும்."

வீட்டுக்காரர் வெறுங்காலோடு முன்னால் வந்தார். முதல் கல்லுக்கு நேரே குனிந்தார். இரண்டு கையையும் நீட்டினார். அந்தக் கல் ஒரு தேங்காய் பருமன்கூட இல்லை. என்னால் ஒரு கையால் எடுத்துவிட முடியும்.

கை கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது. அவர் எடுக்கவில்லை. பிறகு முழங்காலில் கை ஊன்றி நிமிர்ந்தார்.

"கும்பிட்டுட்டேனே" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கொழுந்தனார் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றார். தோட்டக்காரருக்கு எதுவும் புரியவில்லை, என்னைப் பார்த்தார்.

நான்தான் மஞ்சள் பூசியது, நான்தான் துடைக்க வேண்டும். திருவிழா முடிந்து சாமிக்குத் தண்ணீர் ஊற்றி விடை கொடுப்பது இல்லையா? அப்படி நினைத்துக்கொண்டு, பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை ஒவ்வொரு கல்லிலும் ஊற்றி, கையால் வழித்துக் கழுவினேன். "தெரியாம வெச்சுட்டேன், பொறுத்துக்கோங்க" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிடுங்கி, வரப்போரம் அடுக்கினேன். பூவை மரத்தடியிலேயே விட்டுவிட்டேன். தோட்டக்காரர் என் கையில் குழாய்த் தண்ணீர் ஊற்றினார். "மழைக்கு அப்புறம் வாங்கம்மா, பூ நெருப்பு மாதிரி இருக்கும்" என்றார்.

இறங்கும்போது கொழுந்தனார் எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் நடந்தார். நாலு அடுக்கு இறங்கிய பிறகு, திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

"மேல ரெண்டு அடுக்கு அப்பிடியே இருக்கட்டும். கன்னிமாரும் இருக்கட்டும். அங்க மண்ணும் கம்மிதான், தட்டினாலும் பிரயோசனமில்ல. கீழ நாலையும் தட்டிருவேன். அதுக்கு நீ கை வைக்க வேண்டியதில்ல. ஆனா அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசக்கூடாது. குறை சொல்லக்கூடாது."

"சொல்ல மாட்டேன்" என்றார் வீட்டுக்காரர்.

"மேல ரெண்டு வரப்பும் சரிஞ்சா?"

"நான் வர்றேன்."

"நீயா? ஷூ கழட்டவே உக்காரணும் உனக்கு."

"உக்காந்துட்டே கட்டறேன்."

கொழுந்தனார் நடை தளர்ந்து, நான் பக்கத்தில் வரும்வரை நின்றார். என்னிடம் மட்டும் கேட்கிற மாதிரி, "நாம கட்டினது ரெண்டாவது அடுக்குங்க நங்கையா. கீழருந்து" என்றார்.

"தெரியும் தம்பி."

"அது இன்னும் நிக்குது. ஒரு கல்லு சரியல."

அது நின்றிருக்கக் கூடாது, எப்போதோ சரிந்துபோயிருக்க வேண்டும் என்று அப்போது தோன்றியது. சரிந்திருந்தால் இப்படி ஒரு சொல் கேட்க வேண்டியிருக்காது. "தட்டுங்க தம்பி. உங்களுக்கு ஆகணுமில்ல" என்றேன். அவர் தலையாட்டினார்.

சாயங்காலப் பஸ்ஸுக்குக் கிளம்பினார். நான் மைசூர்பாகும், அவர் சம்சாரத்துக்கு ஒரு முழம் மல்லிகையும் வைத்துக் கொடுத்தேன். வாசலில் அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போய்வருகிறேன், சரி என்றார்கள். ஆனால் வீட்டுக்காரர் தெருமுனைவரை கூடப் போனார். திரும்பி வர வெகுநேரமாயிற்று.

சொன்ன நாளில் ஜேசிபி வந்தது. அன்றைக்குக் காலையில் நான் விளக்கேற்றி, என்ன வேண்டுவதென்று தெரியாமல் சும்மா கைகூப்பி நின்றேன். கொழுந்தனார் போன் செய்யவில்லை. நாங்களும் செய்யவில்லை.

சித்திரை பிறந்ததும், கன்னிமாருக்குப் பொங்கல் வைக்க ஊருக்குப் போனோம். மேல் இரண்டு அடுக்கும் இருந்தன. உசில மரம் தளிர்விட்டிருந்தது. வீட்டுக்காரர்தான் கல்லுக்கு மஞ்சள் பூசினார், கொழுந்தனார் தேங்காய் உடைத்தார். கீழே பார்த்தால் பெரிய சிவப்புத் தரை. நாலு அடுக்கு இருந்த இடம் என்று யாராவது சொன்னால்தான் தெரியும். பிடுங்கிய கல்லெல்லாம் ஓரத்தில் மலைபோல் குவிந்து கிடந்தது. கறுப்புக் குழாய்கள் வரிசையாக ஓடின, மஞ்சள் நடப் பாத்தி தயாராக இருந்தது.

பொங்கல் இறக்கிய பிறகு வீட்டுக்காரர் அந்தத் தரையில் இறங்கினார். செருப்பில்லாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை மெல்ல நடந்தார். எந்த இடத்திலும் ஏற வேண்டியதில்லை, இறங்க வேண்டியதில்லை. கொழுந்தனார் மோட்டார் ரூம் வாசலில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்காரர் திரும்பி வந்து தம்பி பக்கத்தில் நின்றார். கால்மண்ணைத் தட்டினார்.

"நடக்கறதுக்குச் சொகமாத்தான் இருக்குது" என்றார்.

கொழுந்தனார் சட்டென்று உள்ளே போய் மோட்டாரைப் போட்டார். குழாய்களில் காற்று முதலில் வந்தது, பிறகு தண்ணீர் வந்தது.